வேலைநிறுத்தத்துக்கும் ஒரு விதி எழுதுங்கள்: புகையிரதத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சாரதிகள், நிலைய அதிபர்கள், காட்மார், கட்டுப்பாட்டாளர்கள், பாதை பராமரிக்கும் ஊழியர்கள், வேலைத்தளத் தொழிலாளர்கள் ஆகிய எல்லோருடைய சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருப்பவன். கந்தோர் கோட்டையில். கரையோரப் பாதையில் சீசன் டிக்கெட்டில் போய்வருகிறேன். எந்தச் சங்கத்திலும் இல்லை, எந்தக் கட்சியிலும் இல்லை. இதை அமைச்சருக்கோ பொது முகாமையாளருக்கோ எழுதியிருக்கலாம். எழுதினால் 'உரிய கவனம் செலுத்தப்படும்' என்று ஒரு வரி வரும், அதுவும் வந்தால்தான். இன்று பின்னேரம் கோச்சி ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிக்கிற பலம் உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். வேலைநிறுத்தத்தை எப்படித் தொடங்குவது, எவ்வளவு நேரத்துக்கு முன்னால் சனங்களுக்குச் சொல்வது, வழியில் இருக்கும் ரயிலை என்ன செய்வது என்பதற்கெல்லாம் உங்கள் சங்கங்கள் கூடிப் பேசி ஒரு பொது நடத்தை விதியை எழுதுங்கள். எழுதி மூன்று மொழியிலும் வெளியிடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் அரசாங்கம் எழுதும். அது எழுதுகிற விதி யார் கழுத்தில் விழும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மேடையில் நின்று திட்டுகிற பயணிகளில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. தனியார் கம்பனியில் வேலை செய்பவருக்குப் பிரச்சினை என்றால் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம், தொழில் நியாயசபைக்குப் போகலாம், நடுத்தீர்ப்புக் கேட்கலாம். இதற்கெல்லாம் அடிப்படை 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம். அந்தச் சட்டம் அரச ஊழியருக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. புகையிரதம் ஒரு திணைக்களம், ஆகவே சாரதியும் நிலைய அதிபரும் அரச ஊழியர்கள். சம்பள முரண்பாடு, பதவியுயர்வு, வெற்றிடம் என்று எதைக் கேட்டாலும் அமைச்சோடு பேச வேண்டும், பேச்சு முறிந்தால் மூன்றாம் ஆள் ஒருவர் நடுவில் வந்து தீர்ப்புச் சொல்ல வழியில்லை. இருக்கிற ஒரே கதவு வேலைநிறுத்தம் என்று ஆகிவிட்டது. பிறகு 'எதற்கெடுத்தாலும் ஸ்ட்ரைக்' என்று பத்திரிகையில் தலையங்கம் எழுதுகிறார்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அத்தியாவசியக் கைத்தொழில் என்று பிரகடனம் செய்யப்பட்ட இடத்தில் வேலைநிறுத்தம் செய்வதென்றால் 21 நாட்களுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அரச ஊழியருக்கு அந்தச் சட்டமே பொருந்தாததால் இந்த அறிவித்தல் கடமையும் உங்களுக்கு இல்லை. நடுத்தீர்ப்பும் இல்லை, முன்னறிவித்தலும் இல்லை. முதலாவது இல்லாததால் அடிபடுவது நீங்கள், இரண்டாவது இல்லாததால் அடிபடுவது நாங்கள். இரண்டுக்கும் இடையில் அமைச்சு சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் இப்படி வெறுமையாக விட்ட இடத்தை அரசாங்கம் எதைக்கொண்டு நிரப்புகிறது என்றும் பார்த்திருக்கிறோம். 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி அறிவித்தல், அவ்வளவுதான். ராத்திரி அச்சாகும், காலையில் வேலைக்கு வராதவர் கடூழியச் சிறைக்கு ஆளாகக்கூடிய குற்றவாளி. அந்தச் சட்டத்தில் சொத்துப் பறிமுதல் வரைக்கும் இடமிருக்கிறது. அப்புறம் இன்னொரு வழி, வராதவர் தானாகவே பதவியை விட்டு விலகியதாகக் கருதப்படுவார் என்று கடிதம் விடுவது. 2024 ஜூலையில் நிலைய அதிபர்களுக்கு அதைத்தான் சொன்னார்கள். ஒருவரை வேலையால் நிறுத்துவதென்றால் குற்றப்பத்திரம் கொடுக்க வேண்டும், விசாரணை வைக்க வேண்டும். 'அவராகவே போய்விட்டார்' என்று எழுதிவிட்டால் இரண்டும் வேண்டாம். நல்ல கெட்டித்தனம்!

1980 ஜூலையை உங்கள் சங்க மண்டபங்களில் இன்னும் நினைவுகூருகிறீர்கள். ஜூன் 5ஆம் திகதி மறியல் போராட்டத்தில் நின்ற தொழிற்சங்கவாதி சோமபால கொல்லப்பட்டார். அடுத்த மாதம் வந்த பொது வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேரை ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் ஒரே வீச்சில் வேலையால் தூக்கியது. அவர்களில் புகையிரதத் தொழிலாளர்கள் எத்தனையோ பேர். வேலை போனதால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அந்த வேலைநிறுத்தம் ஏன் தோற்றது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஆனால் அவ்வளவு பேர் தெருவுக்கு வந்தபோதும் பொதுச்சனம் திரண்டு வந்து பக்கத்தில் நிற்கவில்லை என்பதை யாரும் மறுப்பதில்லை. அதற்கு முன்பு 1923இல் கொழும்பு ரயில்வே வேலைத்தளத்தில் மூண்ட வேலைநிறுத்தம் துறைமுகம்வரை பரவி நகரத்தையே நிறுத்தியது. அப்போது நகரத்துச் சனம் தொழிலாளரோடு நின்றது. ஏ.ஈ. குணசிங்க ஒரே நாளில் நாடறிந்த தலைவரானதும் அப்போதுதான். சனம் பக்கத்தில் நின்றால் என்ன நடக்கும், நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் சொந்தச் சரித்திரமே இரண்டு உதாரணம் வைத்திருக்கிறது.

சரி, இன்றைக்குச் சனம் எங்கே நிற்கிறது? கோட்டை ஸ்டேஷனில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து பாருங்கள். செட்டியார் தெரு நகைக்கடையில், புறக்கோட்டை மொத்தக் கடையில், ஹோட்டல் குசினியில் வேலை செய்யும் மலையகப் பெடியன்கள் பதுளை மெயிலுக்கு வந்து நிற்பார்கள். கொட்டகலை, தலவாக்கலை, அப்புத்தளை என்று இறங்கி அங்கிருந்து தோட்டத்துக்குப் போக வேண்டும். மாதத்தில் ஒருதரம் கிடைக்கிற லீவு. கையில் ஒரு துணிப்பை, தங்கச்சிக்கு வாங்கிய சப்பாத்துப் பெட்டி. பின்னேரம் அறிவித்து ராத்திரி நிறுத்தினால் அவர்கள் எங்கே போவார்கள்? பஸ்ஸுக்குப் போனால் டிக்கெட் காசு கூட, இடமும் இருக்காது. கடைக்குத் திரும்பினால் கதவு பூட்டியிருக்கும். அமைச்சரின் கார் அன்றைக்கும் ஓடும். முதலாளியின் வானும் ஓடும். உங்கள் வேலைநிறுத்தம் முதலில் போய் இடிப்பது உங்களைவிடக் குறைந்த சம்பளக்காரன் மேல்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் காட்ட வருகிறவர்களும் அப்படித்தான். ஒருமுறை ஒரு ஸ்டேஷனில், எதென்று சொல்லவில்லை, டிக்கெட் கவுண்டர் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நீலப் பேனையால் நாலு வரி, சிங்களத்தில் மட்டும். செலோடேப்பின் ஒரு முனை கழன்று மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. வேட்டி கட்டிய ஒரு பெரியவர் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி போட்டிருக்கு?" என்று என்னைக் கேட்டார். மறு அறிவித்தல் வரும்வரை சேவை இல்லை என்று போட்டிருந்தது. "எப்ப மறு அறிவித்தல் வருமாம்?" என்றார். அது தாளில் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் ஆளும் இல்லை. மூன்று மொழியில் பெயர்ப்பலகை வைக்கும் இந்த நாட்டில், ரயில் இல்லை என்ற செய்தி மட்டும் ஒரு மொழியில் வந்தால் போதும் என்று யார் முடிவு செய்தது? மொழி பற்றிய அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் திணைக்களத்தைத்தான் கட்டுப்படுத்தும், சங்கத்தை அல்ல என்று ஒரு வக்கீல் வாதாடலாம். அந்தப் பெரியவருக்கு அந்த வாதத்தால் என்ன பிரயோசனம்?

இதைவிடப் பாரமான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2023 செப்டெம்பரில் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்த நாட்களில் ஓடிய ஒருசில ரயில்களில் சனம் கூரைமேல் ஏறிப் போனது. ஹொரப்பைப் பக்கம் ஒரு இளைஞன் கூரையிலிருந்து விழுந்து செத்துப்போனான். பழி யார் மேல் என்று அன்றைக்கே ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். பேச்சுவார்த்தையை இழுத்தடித்த அமைச்சுக்கும் கூரையில் ஏறவிட்ட நிர்வாகத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது. எந்த ரயில் ஓடும், எது ஓடாது என்று இரண்டு நாள் முன்பே தெரிந்திருந்தால் அவ்வளவு கூட்டம் ஒரே ரயிலுக்கு முண்டியடித்திருக்காது.

ஆகவே விதியில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு பயணியாக எனக்குப் படுவதைச் சொல்கிறேன். 72 மணிநேர முன்னறிவித்தல். அது ஏன் 48 ஆக இருக்கக்கூடாது என்று நீங்கள் பேரம் பேசலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன். பூச்சியமாக மட்டும் இருக்கக்கூடாது. புறப்பட்ட ரயில் கடைசி ஸ்டேஷன் வரை போய்ச் சேர வேண்டும். பொல்கஹவெலவிலோ மாகோவிலோ நடுராத்திரியில் என்ஜினைக் கழற்றிக்கொண்டு போகிற வேலை கூடாது. காலையில் ஆட்களைக் கொழும்புக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பின்னேரம் நிறுத்துவதும் அதேதான், வந்தவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதும் அந்தப் பயணத்தின் பாதி. சாதாரண தரம், உயர்தரப் பரீட்சை நாட்களைத் தொடாதீர்கள். அறிவித்தல் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நேரத்தில் வர வேண்டும். ஏன் நிறுத்துகிறோம் என்பதையும் அதில் இரண்டு வரியில் எழுதுங்கள். உங்கள் கோரிக்கை என்னவென்று எங்களுக்கு ஒருபோதும் தெரிவதில்லை. டீவியில் ஒலிவாங்கியை நீட்டியவுடன் பதவித் தரம், சுற்றுநிருப இலக்கம், சேவைப் பிரமாணம் என்று பேசுகிறீர்கள். சங்கத்துக்கு வெளியே நிற்கிறவனுக்கு அது விளங்காது. ஒரு சாரதி லீவு நாளில் எத்தனை மணிநேரம் மேலதிகமாக ஓடுகிறார், ஒரு நிலைய அதிபர் ஆள் இல்லாததால் எத்தனை முறை தொடர்ந்து இரட்டை வேலை பார்க்கிறார் என்று சொல்லுங்கள், விளங்கும்.

முன்னறிவித்தல் கொடுத்தால் போராட்டத்தின் பலம் போய்விடும், அந்த 72 மணிநேரத்துக்குள் வர்த்தமானி வந்துவிடும் என்று சொல்வீர்கள். வரும்தான். இப்போது மட்டும் வராமலா இருக்கிறது? திடீரென்று நிறுத்தினால் முதல் நாள் உங்களுக்கு, இரண்டாம் நாள் அமைச்சருக்கு. இரண்டாம் நாள் காலையில் டீவியில் அழுகிற தாயையும் பரீட்சைக்குப் போக முடியாத பிள்ளையையும் காட்டுவார்கள், மூன்றாம் நாள் இராணுவம் வரும், யாரும் உங்களுக்காகக் கேட்க மாட்டார்கள். முன்னரே சொல்லிவிட்டு நிறுத்தினால், மூன்று நாள் கையில் இருந்தும் பேசாமல் விட்டது யார் என்ற கேள்வி அமைச்சைப் பார்த்துத் திரும்பும். கெடு வைப்பவன் பலவீனன் என்று யார் சொன்னது?

நிறுத்தாமலே போராடவும் வழிகள் இருக்கின்றன. ஜப்பானின் ஒகயாமா நகரில் 2018இல் பஸ் சாரதிகள் வண்டியை வழமைபோல ஓட்டினார்கள், கட்டணத்தை மட்டும் வாங்க மறுத்தார்கள். நட்டம் கம்பனிக்கு, பயணம் சனத்துக்கு. இங்கே அப்படிச் செய்தால் வருமான இழப்பை ஊழியரின் சம்பளத்தில் வெட்ட நிதிப் பிரமாணங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பதும் தெரியும். அந்தச் சண்டையில் எங்கள் எல்லோருடைய சீசன் டிக்கெட்டும் உங்கள் பக்கம் நிற்கும்.

இனி ஒழுக்காற்று விதிகள் பற்றி. உங்களில் சிலர் இதை வாசித்துக் கோபப்படுவீர்கள். பரவாயில்லை.

தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி ஒரு அரச ஊழியரை எப்படி விசாரிக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. முதலில் பூர்வாங்க விசாரணை, பிறகு குற்றப்பத்திரம், எழுத்தில் பதில், முறைசார் விசாரணை. விசாரணையில் தமக்காகப் பேச ஒரு எதிர்வாத உத்தியோகத்தரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அரசாங்க சேவை ஆணைக்குழு, அங்கும் சரிவராவிட்டால் 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை. கடதாசியில் நல்ல ஏற்பாடுதான். நடைமுறையில் வருடக்கணக்கில் இழுபடும், அதுவரை ஆள் வீட்டில். இந்த இழுத்தடிப்புக்கு எதிராகச் சங்கம் போராடினால் நான் கைதட்டுவேன். தமிழ் பேசும் ஊழியருக்குக் குற்றப்பத்திரம் தமிழில் வர வேண்டும், விசாரணையில் அவர் தமிழில் பதில் சொல்ல முடிய வேண்டும் என்று நீங்கள் கேட்டால் இன்னும் பலமாகத் தட்டுவேன். கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒருவரைப் பணி இடைநிறுத்தம் செய்த செய்தி வந்த அதே நிமிஷத்தில், அவர் என்ன செய்தார் என்று கூடப் பாராமல், கோச்சிகளை நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலையில் இருக்கும்போது குடித்திருந்தார் என்பது குற்றச்சாட்டு என்றால் முதலில் கவலைப்பட வேண்டியவர்கள் அவரோடு வேலை செய்பவர்கள். சிக்னலுக்கும் டெப்லட்டுக்கும் (ஒற்றைப் பாதையில் ரயிலுக்கு வழிவிடக் கொடுக்கும் வில்லை) பின்னால் நூற்றுக்கணக்கான உயிர் இருக்கிறது என்று நீங்கள்தானே சம்பளப் பேச்சில் சொல்கிறீர்கள்? சரியாகத்தான் சொல்கிறீர்கள். அப்படியென்றால் பாதுகாப்பு சம்பந்தமான குற்றச்சாட்டில் விசாரணை நேர்மையாக நடக்கச் சங்கம் காவல் நிற்கட்டும், விசாரணையே வேண்டாம் என்று நிற்க வேண்டாம். சங்கத்துக்குள்ளேயும் அதற்கு ஒரு விதி வையுங்கள்.

பேசுகிற உரிமை வேறு விஷயம். அரச உத்தியோகத்தர்கள் சமூக ஊடகங்களில் கருத்துச் சொன்னால் ஒழுக்காற்று நடவடிக்கை என்று 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு சுற்றுநிருபம் விட்டது. ஓட்டைப் பெட்டி, தேய்ந்த தண்டவாளம், தொங்குகிற கதவு பற்றி உள்ளே இருப்பவர் படம் எடுத்துப் போட்டால்தான் எங்களுக்குத் தெரியவரும். அந்த வாயை அடைப்பதற்கு எதிராக நீங்கள் நின்றால் பயணிகள் சங்கங்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். அது எங்கள் பாதுகாப்பும்கூட.

கடைசியாக ஒரு விஷயம், இதைத் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். வடக்கிலும் வேறு இடங்களிலும் புகையிரதக் கடவைகளில் காவல் நிற்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். கேட் இல்லாத கடவையில், தகரக் கொட்டிலில், வெயிலிலும் மழையிலும் நின்று ரயில் வரும்போது வாகனங்களை மறிக்கிறவர்கள். அவர்களைப் பொலிஸ் ஊடாகச் சேர்த்தார்கள். ஒரு நாளுக்கு 250 ரூபா என்ற கணக்கில் வருடக்கணக்காக வேலை செய்தார்கள். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நின்றார்கள். அவர்கள் பொலிஸாரும் இல்லை, புகையிரத ஊழியரும் இல்லை. பொலிஸாருக்கோ 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி சங்கம் அமைக்கும் உரிமையே கிடையாது. ஆக, ரயிலுக்காக நிற்கிற அந்த ஆளுக்கு ரயில் சங்கங்களில் இடமில்லை. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு தரத்துக்கும், ஒவ்வொரு கட்சிக்கும் ஒன்றாகப் புகையிரதத்தில் இத்தனை சங்கங்கள் முளைத்திருக்கின்றன, இவர்கள் அவற்றில் ஒன்றிலும் இல்லை. அவர்களுக்காக உங்களில் ஒரு சங்கமாவது ஒரு மணிநேரம் வேலையை நிறுத்தியதுண்டா?

குணசிங்கவைப் பற்றிச் சொன்னேனே, அதே குணசிங்க முப்பதுகளில் கொழும்பில் மலையாளத் தொழிலாளர்களை வெளியேற்று என்று பிரசாரம் செய்தார். தன் ஆள், பிற ஆள் என்று பிரிக்கத் தொடங்கிய பிறகு அவருடைய இயக்கம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கடவைக் காவலரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடைஞ்சல் இருக்கலாம். அவர்களுடைய கோரிக்கையை உங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்க எந்தச் சட்டமும் தடையில்லை. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 87ஆம் இலக்கச் சர்வதேசத் தொழில் உடன்படிக்கையை இலங்கை 1995இல் ஏற்றது, அந்த உரிமையைப் பற்றி மேடைகளில் நீங்கள் நிறையப் பேசுகிறீர்கள். அது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்த மடலின் பிரதியை மருதானையிலும் கோட்டையிலும் இருக்கிற சங்கக் காரியாலயங்களில் நேரில் கொண்டுவந்து தருகிறேன். உங்கள் அடுத்த கூட்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முன்னறிவித்தல் விதியை ஒரு விடயமாகப் போடுங்கள். விதியின் வரைவைச் சிங்களத்தில் எழுதினால் போதும். தமிழாக்க ஆள் இல்லை என்ற காரணம் மட்டும் வேண்டாம், வேலை முடிந்து ஆறு மணிக்குப் பிறகு நான் வந்து எழுதித் தருகிறேன். கவுண்டர் கண்ணாடியில் ஒட்டுகிற தாளையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு சீசன் டிக்கெட்காரன்